மலையகப் பயணம்: கேம்பர் வேனா, வாடகை வேனும் விடுதியுமா?

ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். கண்டி, நுவரெலியா, அப்புத்தளை, எல்ல என்று ஆறுதலாகச் சுற்ற எது நல்லது?

செலவு:
கேம்பர் வேன்: நாள் வாடகை அதிகம், ஆனால் படுக்கையும் சமையலும் அதற்குள்ளேயே.
வாடகை வேன்: சாரதியோடு வரும், அறைக்குத் தனிச் செலவு. ஏப்ரலில் நுவரெலியாவில் அறை விலை எகிறிவிடும்.

பாதை: எனக்கு இதுதான் முக்கியம். கண்டியிலிருந்து நுவரெலியா போகும் வழியில், றம்பொடைப் பக்கம் கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும். பாரமான வண்டியைச் சிறிய கியரில் இறக்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். பின்னேரம் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகும் பஸ்கூடத் தெரியாது. அறுபதைத் தாண்டிய கண்களுக்கு, பழகிய சாரதி பெரிய நிம்மதி.

இரவு:
கேம்பர் வேன்: நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல். ஜனவரியில் சில விடியல்களில் புல்லில் உறைபனி படியும். தடித்த கம்பளி வேண்டும். தண்ணீர் நிரப்பவும் கழிவுநீர் அகற்றவும் இடத்தை முன்பே கேட்டு வையுங்கள்.
விடுதி: சுடுதண்ணீர், சரியான கழிவறை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதுவே போதும்.

சரி, யாருக்கு எது? வண்டி ஓட்டுவதில் இன்னும் ஆசையும் தெம்பும் இருந்தால், மழை குறைந்த பெப்ரவரி, மார்ச்சில் கேம்பர் வேன். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. மண்சரிவு எச்சரிக்கையும் வரும். அப்போது விடுதியைத்தான் சொல்வேன்.