நெஞ்செரிச்சலுக்கு எது: சிரப்பா, ஃபமோடிடினா, ஒமெப்ரசோலா?

"இதில் எது ஸ்ட்ராங்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எப்போது எரிகிறது, வாரத்தில் எத்தனை நாள் எரிகிறது, இதைத்தான் முதலில் பார்க்கணும்.

எப்போதாவது ஒருநாள் எரிகிறதா, ஆன்டாசிட் சிரப் போதும். ஏற்கெனவே சுரந்து கிடக்கும் அமிலத்தை அது முறித்துவிடுவதால் சில நிமிடங்களில் எரிச்சல் அடங்கும். ஆனால் வெறும் வயிற்றில் குடித்தால் ஒரு மணி நேரம் தாங்குவதே அதிகம், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் 3 மணி நேரம் வரைகூட நிற்கும். சிரப்பில் இருக்கும் மக்னீசியம் வயிற்றை இளக்கும், அலுமினியம் மலச்சிக்கல் தரும், அதனால்தான் இரண்டையும் கலந்தே போடுகிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் 4 மணி நேரம் இடைவெளி விடணும், இல்லாவிட்டால் அந்த மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. படுத்தால் தொண்டைவரை புளித்துக்கொண்டு வருகிறதென்றால் ஆல்ஜினேட் சேர்ந்த சிரப்பாகப் பார்த்து வாங்குங்கள், அது அமிலத்தின் மேல் நுரைப்படலம் போல மிதந்து மேலே ஏறவிடாமல் தடுக்கும்.

ராத்திரி எரிச்சலுக்கு என் ஓட்டு ஃபமோடிடினுக்குத்தான். ஒரு மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பித்து 10, 12 மணி நேரம் அமிலச் சுரப்பைக் குறைத்து வைக்கும். தினமும் போட்டால் உடம்பு பழகிப்போய் பலன் குறையும்.

வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் எரிகிறவர்களுக்கு ஒமெப்ரசோல். இதைத்தான் நிறையப் பேர் தப்பாகப் போடுகிறார்கள், நானும் ரொம்ப நாள் சாப்பிட்ட பிறகுதான் போட்டுக்கொண்டிருந்தேன். அமிலம் சுரக்கும் பம்ப்புகள் சாப்பாட்டின்போதுதான் முழுமூச்சில் இயங்கும், அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருந்தால்தான் அவற்றை மூட முடியும், அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடணும். முழுப் பலன் தெரிய 1 முதல் 4 நாள் ஆகும், எரியும்போது ஒன்று விழுங்கிப் பயனில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் 14 நாளுக்கு மேல் போகாதீர்கள். மாதக்கணக்கில் போட்டுத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கலாம்.

அல்சர் கதை வேறு. பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியோ வலி மாத்திரையோதான் காரணம். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசே கிடைத்தது. கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் வேண்டும், சிரப் வலியை மட்டும்தான் மறைக்கும். மலம் கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ சிரப்பைத் தேடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.