எக்சிமாவுக்கு அக்குபஞ்சர்: பத்து அமர்வுகளுக்குப் பின் என் மதிப்பீடு

முழங்கை மடிப்புகளிலும் முழங்காலின் பின்புறத்திலும் கழுத்திலும் பல ஆண்டுகளாக எக்சிமா உள்ள எனக்கு, ஆறு வாரங்களில் பத்து அமர்வுகளாக எடுத்துக்கொண்ட அக்குபஞ்சர் சிகிச்சை அரிப்பை நன்றாகவே தணித்தது. தோலைக் குணப்படுத்தியதா என்று கேட்டால், இல்லை என்பேன். இந்த நோயில் அரிப்பும் தோலின் நிலையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தாலும் இரண்டும் ஒன்றல்ல; அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர் ஏமாற மாட்டார்.

நினைவை மட்டும் நம்ப வேண்டாம் என்று, தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ‘போயம்’ வினாத்தாளை வாரந்தோறும் நிரப்பி வந்தேன். அரிப்பு, தூக்கக் கெடுதல், இரத்தக் கசிவு, நீர் வடிதல், வெடிப்பு, செதில் உதிர்தல், வறட்சி ஆகிய ஏழும் கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நாள் இருந்தன என்று கேட்கும் எளிய தாள் அது. மொத்தம் 28 மதிப்பெண். 17 முதல் 24 வரை இருந்தால் கடுமையான எக்சிமா என்று பொருள். தொடங்கும்போது என் மதிப்பெண் 19, பத்தாவது அமர்வுக்குப் பின் 12. எந்தெந்த வரிகளில் அந்த ஏழு மதிப்பெண்கள் குறைந்தன என்பதில்தான் செய்தி இருக்கிறது. ஒவ்வோர் இரவும் கெட்டுக்கொண்டிருந்த தூக்கம் வாரத்துக்கு ஓரிரு இரவுகளில் மட்டுமே கெட்டது. தினமும் இருந்த அரிப்பு மூன்று நான்கு நாட்களாகக் குறைந்தது. சொறிவது குறைந்ததால் இரத்தக் கசிவும் குறைந்தது. ஆனால் வறட்சி, செதில், வெடிப்பு ஆகிய மூன்றின் மதிப்பெண்ணும் ஆறு வாரங்களிலும் அப்படியே நின்றது. தோலின் காப்புச் சுவர் பழுதுபட்டு ஈரத்தை இழப்பது இந்த நோயின் அடிப்படைக் கோளாறு. தோலுக்கு உறுதி தரும் ஃபிலாகிரின் என்ற புரதத்தின் மரபணுப் பிழைக்கும் எக்சிமாவுக்கும் உள்ள தொடர்பு 2006-இலேயே கண்டறியப்பட்டுவிட்டது. அந்தச் சுவரை ஊசி கட்டித் தருவதில்லை.

சிகிச்சை நடந்த விதத்தில் எனக்குப் பெரும்பாலும் நிறைவே. முதல் அமர்வில் ஒரு மணி நேரம் என் நோயின் வரலாற்றையும் நான் உட்கொள்ளும் மருந்துகளையும், குறிப்பாக இரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதேனும் எடுக்கிறேனா என்பதையும் கேட்டறிந்தார்கள். ஒரே முறை பயன்படுத்தும் ஊசிகளின் உறையை என் கண்ணெதிரே பிரித்தார்கள். அவை கால் மில்லிமீட்டர் அளவே தடிமன் கொண்டவை என்பதால், மருந்து செலுத்தும் ஊசியின் வலியை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. குத்தும்போது கொசுக்கடி போன்ற ஒரு சுருக், சில நொடிகளில் அந்த இடத்தில் ஒரு கனமும் மந்தமான உளைச்சலும், அதன் பின் இருபத்தைந்து நிமிடம் அசையாமல் படுத்திருப்பது, அவ்வளவுதான். அக்குபஞ்சரில் ஊசி வைக்கும் பல புள்ளிகளுக்கு ஓர் உள்ளுறுப்பின் பெயரையும் எண்ணையும் சேர்த்துப் பெயரிடுவார்கள். முழங்கையை மடக்கும்போது மடிப்பின் வெளி நுனியில் அமையும் ‘பெருங்குடல் 11’, முழங்காலுக்குச் சற்று மேலே தொடையின் உட்பக்கத்தில் உள்ள ‘மண்ணீரல் 10’ ஆகிய இரண்டு புள்ளிகளிலும் எல்லா அமர்விலும் ஊசி வைத்தார்கள். புண்ணாகியிருந்த தோலில் ஒருபோதும் குத்தவில்லை. ஒருமுறை இடது முழங்கை முழுவதும் வெடித்திருந்ததால் அந்தக் கையையே விட்டுவிட்டார்கள்.

குறைகள் சிறியவை என்றாலும், எக்சிமா உள்ளவருக்கு அவை சிறியவை அல்ல. ஊசிக்கு முன் துடைக்கும் ஸ்பிரிட் வறண்ட தோலில் தீயாய் எரிகிறது. இதமாக இருக்கட்டும் என்று போட்ட சூட்டு விளக்கு, வெப்பம் பட்டாலே அரிப்பு கிளம்பும் எனக்கு முதல் நாளையே பாழாக்கியது. மறுமுறை அதை அணைக்கச் சொன்னேன், உடனே அணைத்தார்கள். கம்பளிப் போர்வைக்குப் பதில் என் பருத்தித் துணியை எடுத்துச் சென்றேன்.

இதற்கு முன் வேறோர் இடத்தில் எனக்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். ஸ்டீராய்டு களிம்பை நிறுத்தினால்தான் ஊசி வேலை செய்யும் என்று அங்கே சொன்னார்கள். நம்பி நிறுத்தினேன். பத்து நாட்களுக்குள் கழுத்து முழுவதும் சிவந்து நீர் வடியத் தொடங்கி, கிருமித் தொற்றும் சேர்ந்து, மருத்துவரிடம் ஓட வேண்டியதாயிற்று. தோலின் அழற்சியை அடக்கிக்கொண்டிருந்த ஒரே மருந்தை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் எதையும் வைக்காதது அந்த அறிவுரை. இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. இப்போதைய சிகிச்சையாளர் முதல் நாளிலேயே, மருத்துவர் தந்த எதையும் நிறுத்தக் கூடாது என்றார். என்னைப் பொறுத்தவரை, ஒரு சிகிச்சையாளரை ஏற்பதற்கும் விலகுவதற்கும் இந்த ஒரு கேள்வி போதும்.

அரிப்பு தணிந்தது ஊசியால்தானா என்று நானே பலமுறை கேட்டுக்கொண்டேன். எக்சிமா தானாகவே ஏறி இறங்கும் நோய். அது உச்சத்தில் இருக்கும்போதுதான் புதிய சிகிச்சையைத் தேடிப் போகிறோம், ஆகவே எதைச் செய்தாலும் அடுத்து வருவது பெரும்பாலும் இறக்கமே. போதாததற்கு, அந்த ஆறு வாரங்களும் ஈரம் காக்கும் களிம்பை ஒரு வேளை கூடத் தவறாமல் பூசினேன். மறுபுறம், ஜெர்மன் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், எக்சிமா உள்ள 30 பேருக்கு ஒவ்வாமைப் பொருளால் அரிப்பைத் தூண்டி, உரிய புள்ளிகளில் ஊசி வைத்தபோது, போலிப் புள்ளிகளில் வைத்தபோது, எதுவும் செய்யாதபோது என மூன்று நிலைகளை ஒப்பிட்டார்கள். உரிய புள்ளிகளில் வைத்தபோது அரிப்பு குறைவாக இருந்தது. அது ஆய்வுக்கூடத்தில் தூண்டிய சில நிமிட அரிப்பு. பல ஆண்டுகளாகத் தொடரும் நோயை அதைக் கொண்டு அளந்துவிட முடியாது. ஆனாலும் என் தாளில் எந்த வரிகள் இறங்கின என்பதோடு அது பொருந்திப் போகிறது.

அமர்வுகள் முடிந்து இரண்டு மாதங்களில் என் மதிப்பெண் 15-க்கு ஏறிவிட்டது. ஆகவே பலன் நிலைக்க வேண்டுமானால் தொடர்ந்து போக வேண்டியிருக்கும். அதற்கான பணமும் நேரமும் எல்லோருக்கும் வாய்க்காது. களிம்பை ஒழுங்காகப் பூசாதவர் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளட்டும். களிம்பை ஒழுங்காகப் பூசியும், நள்ளிரவு அரிப்பால் தூக்கமிழந்து தவிப்பவருக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். கடைசி அமர்வில் சிகிச்சையாளர் முழங்கைப் புள்ளியைக் கட்டைவிரலால் மூன்று நிமிடம் அழுத்தக் கற்றுக்கொடுத்தார். இரவில் அரிப்பு எழுப்பும்போது, நகம் தோலுக்குப் போவதற்கு முன் அதைச் செய்கிறேன். பாதி இரவுகளில் மீண்டும் தூங்கிவிடுகிறேன்.