மைனஸ் 8 பவருக்கு இருட்டில் எது கைகொடுக்கும்: கண்ணாடியா, சாஃப்ட் லென்ஸா, கடின லென்ஸா?

கண்ணாடி போட்டுப் பார்த்தால் எனக்கு 6/6, அதாவது கண் பரிசோதனை அட்டையில் இயல்பான பார்வை. ஆனாலும் பொழுது சாய்ந்துவிட்டால் படிக்கட்டில் காலால் தடவித்தான் இறங்குவேன். அந்த 6/6 அட்டை வெள்ளையில் கன்னங்கரிய எழுத்தை எவ்வளவு சிறிதாகப் படிக்கிறோம் என்பதை மட்டும்தான் அளக்கும். சாம்பல் தரையில் சாம்பல் படி பிரிந்து தெரிகிறதா என்பதற்குத் தனிச் சோதனை உண்டு. 1988-இல் வந்த பெல்லி-ராப்சன் அட்டையில் எழுத்தின் அளவு மாறாது, மும்மூன்று எழுத்தாக மங்கிக்கொண்டே போகும். அதைக் கேட்டுச் செய்துகொண்ட பிறகுதான் எனக்கு எங்கே இடறுகிறது என்று புரிந்தது.

மூன்றையும் போட்டுப் பார்த்தவன் நான். இப்போது கடின லென்ஸில்தான் இருக்கிறேன், ஆர்.ஜி.பி. என்பார்களே, அதுதான்.

கண்ணாடியில் பராமரிப்பு குறைவு, கண்ணுக்கும் பயமில்லை. ஆனால் மைனஸ் 8 கண்ணாடி கண்ணிலிருந்து 12 மி.மீ. தள்ளி நிற்பதால் எல்லாமே ஏறக்குறைய 9 சதவீதம் சிறுத்துத் தெரியும். கனம் குறையட்டும் என்று 1.67 என்கிற மெல்லிய ரக லென்ஸ் வாங்கினால் ஓரங்களில் நிறம் பிரியும், பிரதிபலிப்பைத் தடுக்கும் கோட்டிங் இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 6 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அடித்துவிடும். கண்ணாடிதான் என்று முடிவு செய்தால் கோட்டிங்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சாஃப்ட் லென்ஸ் போட்ட முதல் நாளே சொகுசாக இருந்தது. எனக்கு 0.75 சிலிண்டர் உண்டு, அதாவது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாத குறை, சின்னதுதானே என்று லென்ஸில் அதை விட்டுவிட்டார்கள். சாஃப்ட் லென்ஸ் கருவிழியின் வளைவை அப்படியே ஒட்டிப் படிவதால் அந்தக் குறை அப்படியே நின்றது, பகலில் உறைக்கவில்லை, மங்கிய வெளிச்சத்தில் நன்றாகவே உறைத்தது. கடின லென்ஸ் தன் வடிவத்தை விடாது. அதற்கும் கருவிழிக்கும் நடுவே கண்ணீர் நிரம்பி அந்த மேடு பள்ளத்தைச் சமன் செய்துவிடும்.

ஆனால் என்னை மாற வைத்தது சிலிண்டர் அல்ல, லென்ஸின் ஈரம். வெளிச்சம் முதலில் படுவது லென்ஸ் மேல் இருக்கும் கண்ணீர்ப் படலத்தில்தான். அது அங்கங்கே உடைந்தால் எவ்வளவு சரியான பவரும் வீண், வெளிச்சம் சிதறி எல்லாவற்றின் மேலும் ஒரு வெண்மை படர்ந்துவிடும். திரையைப் பார்க்கும்போது நாம் குறைவாகத்தான் சிமிட்டுகிறோம், என் சாஃப்ட் லென்ஸ் மாலைக்குள் காய்ந்துவிடும். ஒருமுறை சிமிட்டியதும் தெளிந்து, சில நொடியில் மறுபடி மங்கினால் கோளாறு பவரில் இல்லை, அந்தப் படலத்தில்தான். கடின லென்ஸிலும் புரதம் படியும், ஆனால் தினமும் அதற்கான திரவம் விட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். கையில் கிரீம் பூசிக்கொண்டு தொட்டால் அன்றைக்குப் பூராவும் ஈரம் ஒட்டாது, இது நான் பட்டது. குழாய்த் தண்ணீரில் மட்டும் கழுவவே கூடாது, அதில் இருக்கும் அமீபா கருவிழியைப் பாழாக்கும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பழக எனக்கு மூன்று வாரம் ஆயிற்று, தூசி விழுந்தால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். இருட்டில் கண்பாப்பா விரிந்து, லென்ஸின் நடுவே பவர் இருக்கும் வட்டத்தைத் தாண்டினால் விளக்கைச் சுற்றி ஒளி இழுபடும். எனக்கு அது லேசாக உண்டு, பெரிய கண்பாப்பா உள்ளவர்கள் அந்த வட்டத்தின் அளவைப் பார்த்துச் செய்யச் சொல்ல வேண்டும்.

பவரைக் குறைக்கும் லேசர் சிகிச்சை நான் செய்துகொள்ளவில்லை, அதனால் அனுபவமாக எதுவும் சொல்ல முடியாது. பவர் கூடக்கூட கருவிழியை அதிகம் செதுக்க வேண்டியிருக்கும், இரவுப் பார்வையில் அதற்கு ஒரு விலை உண்டு என்பதால்தான் தயங்கினேன்.

அப்புறம், அதிக மைனஸில் கண் நீண்டு விழித்திரையே இழுபட்டிருக்கும், அந்தப் பங்கை எந்த லென்ஸும் திருப்பித் தராது. எனக்கும் கடின லென்ஸால் படிக்கட்டு பாதிதான் தெளிந்தது. உங்களுக்கு இந்த மங்கல் புதிதாக, வேகமாக வந்திருந்தால் லென்ஸ் தேடாமல் முதலில் கண் மருத்துவரிடம் போங்கள், அதிக மைனஸ் உள்ளவர்களுக்குக் கண்புரை சீக்கிரமே வரும்.