நாகப்பட்டினம் வீட்டுக்கு ஜன்னல் மாற்றிய கதை

2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததிலிருந்தே எங்கள் வீட்டு ஜன்னல்கள் சரியாகச் சாத்துவதில்லை. பின்கட்டில் கரையான் வேறு. ஐப்பசி வந்தால் அம்மா சாக்கைச் சுருட்டி ஜன்னலடியில் வைத்துவிட்டுத்தான் படுப்பார். இந்த முறை டொரொண்டோவிலிருந்து ஐந்து வார விடுப்பில் வந்ததே இந்த வேலையை முடிக்கத்தான்.

கனடாவில் ஜன்னல் மாற்றுவதென்றால் குளிரைத் தடுப்பதுதான் பேச்சு: இரண்டு கண்ணாடி, மூன்று கண்ணாடி, நடுவில் ஆர்கான் வாயு. இங்கே கடல்காற்று முழுசாக வேண்டும், சாரல் வரக் கூடாது, கொசு வரவே கூடாது. உப்புக்காற்றில் இரும்பு எதுவும் நிற்காது என்பதால் யூபிவிசி என்ற கெட்டியான பிளாஸ்டிக் ஜன்னல் என்று முடிவு செய்தோம்.

முதல் கடைக்காரர் அளவே எடுக்காமல் போனிலேயே சதுர அடிக்கு விலை சொன்னார். எல்லாமே ஸ்லைடிங். இரண்டு கதவு ஸ்லைடிங்கில் பாதி ஜன்னல்தான் திறக்கும். அதன் ஓரங்களில் பிரஷ் போன்ற இழைதான் இருக்கும், பலத்த காற்றோடு வரும் மழையை அது தாங்காது. வெளிப்பக்கம் திறக்கும் கதவில் ரப்பர் பட்டை இருக்கிறது, சாத்திவிட்டால் புயல்காற்றே கதவைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்தும். எங்கள் ஊருக்கு இதுதான் சரி.

இரண்டாவது கடையிலிருந்து ஆள் வந்து ஒவ்வொரு ஜன்னலையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்தார். பழைய சுவர், எங்கும் ஒரே அளவு இல்லை. வேலையை அவர்களிடமே கொடுத்தோம். துருப்பிடிக்காத ஸ்டீல் கொசுவலை, ஸ்டெயின்லெஸ் திருகாணி, ஜிஎஸ்டி 18 சதவீதம், எல்லாவற்றையும் எழுதி வாங்கினேன்.

அப்படியும் ஒரு கோளாறு. யூபிவிசி சட்டம் உள்ளே கூடு, அதற்குள் துத்தநாகம் பூசிய ஸ்டீல் வைத்தால்தான் பலம். சரக்கு வந்திறங்கியதும் பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைச் சட்டத்தின் மேல் மெல்ல நகர்த்திப் பார்த்தேன். நான்கில் கையை இழுத்தது. இரண்டில் வழுக்கிக்கொண்டே போனது, உள்ளே ஒன்றுமில்லை. அம்மா தனியாக இருக்கும் வீடு, எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. திருப்பி அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து ஸ்டீல் வைத்துக் கொண்டுவந்தார்கள். பொருத்தும் முன் நீங்களும் கண்டிப்பாக இதைச் செய்து பாருங்கள்.

பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன் குழாயில் ஓஸ் மாட்டி ஒவ்வொரு ஜன்னலிலும் பத்து நிமிஷம் தண்ணீர் அடிக்கச் சொன்னேன். சமையலறை ஜன்னலில் மட்டும் கீழ் மூலையில் கசிவு. இடுக்கை அடைத்திருந்த சிலிகோன் பசையைச் சுரண்டி மறுபடி பூசிக் கொடுத்தார்கள்.

அப்புறம், வாசல்பக்கத்து இரண்டு ஜன்னல்கள். தாத்தா காலத்துப் பர்மா தேக்கு. அவற்றையும் பெயர்த்துவிடலாம் என்றுதான் இருந்தேன். தெருமுனை ஆசாரி உளியால் நிலையில் லேசாகக் கீறிக் காட்டினார். அழுக்குக்கு அடியில் தேன் நிறத்தில் மரம் புத்தம் புதிதாக இருந்தது. "இத எடுத்துராதீங்க தம்பி, கதவுதான் உப்பியிருக்கு" என்றார். இரண்டு நாளில் கதவுகளை இழைத்து, துருப்பிடித்த கீல்களுக்குப் பதில் பித்தளைக் கீல் போட்டு மாட்டினார். கூலி 3,000 ரூபாய். கிளம்பும் அன்று காலை அம்மா அந்த ஜன்னலை ஒரு விரலால் தள்ளித் திறந்து மீன்காரம்மாவைக் கூப்பிட்டார்.