ஊர்ப் பள்ளி, சிறப்புப் பள்ளி, வீடு: பாடத்தைத் தள்ளிவைத்து ஓர் ஒப்பீடு

என் மகளுக்கு இப்போது 14 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவள். ஆறு வயதிலிருந்து இரண்டு வருடம் ஊர்ப் பள்ளி, அடுத்த மூன்று வருடம் சிறப்புப் பள்ளி, கடைசி மூன்று வருடம் வீடு. மூன்றையும் பார்த்துவிட்டோம். இங்கே கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளை இருக்கிற வீடுகளில் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, வீட்டிலேயே வைத்துக்கொண்டால் படிப்பு என்ன ஆகும்?" என்பதுதான்.

படிப்புக்கு வழி இருக்கிறது. என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஏ, பி, சி என்று மூன்று நிலைகள் உண்டு. 3, 5, 8 ஆம் வகுப்புகளுக்குச் சமம். 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்கும் பதியலாம். சட்டமும் துணைக்கு இருக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம் என்கிறது 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். கடுமையான குறைபாடோ பல்வகைக் குறைபாடோ இருந்தால் வீட்டிலேயே கல்வி பெறும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் தருகிறது.

சரி, படிப்பை இதோடு விடுகிறேன். நான் ஒப்பிட வந்தது வேறு. குளிப்பது, உடுத்துவது, கடைக்குப் போவது, வயதுக்கு வந்த உடம்பைப் பார்த்துக்கொள்வது, நாலு பேரோடு பழகுவது. இதையெல்லாம் எந்த இடம் கற்றுத் தருகிறது?

உடுத்துவதில் வீட்டுக்கு ஈடில்லை. பள்ளிக்குப் போன ஐந்து வருடமும் அவளுக்குக் குளிப்பாட்டியதும் பித்தான் போட்டதும் நான்தான். எட்டு மணிக்கு வேன் வந்துவிடும். பள்ளியில் பித்தான் போடப் பயிற்சி கொடுத்தார்கள், ஒரு பலகையில் தைத்த துணியில். பலகையில் போட்டாள், சட்டையில் போடவில்லை. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஓரிடத்தில் கற்றது இன்னோர் இடத்தில் கைக்கு வராது. நிஜமாகக் குளித்து, நிஜமாக உடுத்தும் அந்த நேரத்தில்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அதை எப்படிச் சொல்லித் தருவது என்பதைச் சிறப்புப் பள்ளி ஆசிரியை ஒருவரிடம்தான் கற்றேன். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, கடைசிப் படியை முதலில் பிள்ளையிடம் விட வேண்டும். சுடிதார் பேன்டை நான் முழங்கால் வரை ஏற்றிவிடுவேன், இடுப்புக்கு இழுப்பது அவள் வேலை. அது கைவந்தபின் முழங்காலுக்குக் கீழே விடுவேன். ஒவ்வொரு தடவையும் வேலையை முடிப்பது அவள் கை என்பதால் சலிப்பில்லாமல் செய்தாள். முழுதாக வர நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தை வேன் தந்திருக்காது.

மொழி விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறாத மனக்குறை உண்டு. எங்கள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். பிள்ளை குழம்பும், தமிழை விட்டுவிடுங்கள் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். ஆறு மாதம் கேட்டு நடந்தோம். அவள் தன் பாட்டியோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு வந்தபின் தமிழைத் திரும்ப எடுத்தோம், வெளியில் தேவைப்படுகிற மலையாளத்தையும் விடவில்லை. பொள்ளாச்சிப் பேருந்து நிலையத்தில் கழிப்பறைப் பலகை 'பெண்கள்' என்று இருக்கும். பாலக்காட்டில் மலையாள எழுத்தில் 'ஸ்த்ரீகள்'. எழுத்துகள் முழுக்கத் தெரியாத பிள்ளைக்கு இந்த இரண்டு சொல்லின் உருவம் மட்டும் போதும். இரண்டையும் அட்டையில் எழுதி எங்கள் குளியலறைக் கதவில் ஒட்டினேன். எல்லையில் வாழும் பிள்ளைக்கு இரண்டு எழுத்திலும் இது வேண்டும். எந்தப் பள்ளியும் இதைப் பாடமாக வைக்கவில்லை.

கடைக்கும் அப்படித்தான். பிளாஸ்டிக் காசை எண்ணிப் பழகியதைவிட முக்குக் கடைச் சேட்டனிடம் போய் வந்தது உதவியது. விலை பத்துக்குள் என்றால் ஒரு பத்து ரூபாய், மேலே போனால் இரண்டு. மீதியை வாங்கிப் பையில் போட வேண்டும், அவ்வளவுதான்.

மாதவிலக்குக்கும் வீடுதான் நல்லது. முதல் தடவை வருவதற்கு முன்பே நாப்கின் ஒட்டிப் பழக்க முடிந்தது. ஆனால் கதவைச் சாத்தி உடை மாற்ற வேண்டும், யார் தொட்டால் 'வேண்டாம்' சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அம்மா மட்டுமே சொன்னால் பதிவதில்லை. சிறப்புப் பள்ளியில் மற்றப் பெண்களோடு சேர்ந்து கேட்டதுதான் அவளுக்கு நின்றது.

நாலு பேரோடு பழகுவதில் ஊர்ப் பள்ளியை மிஞ்ச எதுவும் இல்லை. பாடத்தில் அங்கே அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை, பெரும்பாலும் கடைசி பெஞ்சில் படம் கிறுக்கிக்கொண்டிருந்தாள். ஆனாலும் இன்றைக்கும் பஸ்ஸில் ஒரு பெண் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைக்கிறாள் என்றால், அது அந்த இரண்டாம் வகுப்புச் சிநேகம். வீட்டுக்கல்வி தோற்பது இங்கேதான். மூன்று வருடத்தில் ஒரு புதுத் தோழியைக்கூட என்னால் அவளுக்குத் தேடித்தர முடியவில்லை. சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு அதனால்தான் சொல்கிறேன்: முதல் இரண்டு மூன்று வருடமாவது ஊர்ப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று, அம்மாவின் உடம்பு. நான் தையல் வேலையை விட்டேன். போன வருடம் காய்ச்சலில் பத்து நாள் படுத்தபோது, அவள் என்ன சாப்பிடுவாள், எப்போது குளிப்பாள் என்பது என் கணவருக்கே முழுதாகத் தெரியவில்லை. அப்புறம்தான் அவளுடைய நாள் முழுவதையும் படமாக எடுத்துச் சுவரில் வரிசையாக ஒட்டினோம். இப்போது அவளே பார்த்து நடக்கிறாள், யார் வேண்டுமானாலும் கூட இருக்கலாம்.

18 வயதுக்குப் பிறகு எங்கே போவாள் என்ற கேள்விக்கு வீட்டிடம் பதில் இல்லை. கேரளத்தில் பஞ்சாயத்துகள், குடும்பஸ்ரீ என்ற அரசின் பெண்கள் அமைப்போடு சேர்ந்து, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக நடத்தும் பட்ஸ் பள்ளிகளும், பெரியவர்களுக்கான பட்ஸ் மையங்களும் இருக்கின்றன. வரும் ஜூனிலிருந்து வாரம் மூன்று நாள் பட்ஸ் பள்ளி, மீதி நாள் வீடு என்று கேட்டிருக்கிறோம். போகும் நாட்களில் ஆறு மணிக்கே எழுப்பிவிடப் போகிறேன். வேன் வருவதற்குள் பித்தானை அவளே போட்டு முடிக்க அந்த நேரம் வேண்டும்.