பச்சை குத்தும் கடையில் ஊசியை மட்டும் பார்த்துவிட்டுக் கையை நீட்ட வேண்டாம்: சுங்கை சிப்புட் வட்டாரத்தினருக்கு ஓர் எச்சரிக்கை

தைப்பூசமும் தீபாவளியும் நெருங்கும்போது சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பச்சை குத்திக்கொள்ளும் இளையோர் கூடிவிடுகிறார்கள் என்பதால், என் தம்பிக்கு நேர்ந்ததை விவரமாக எழுதுகிறேன். செம்பனை ஆலையில் வேலை செய்யும் அவன், பால்மரம் வெட்டி எங்கள் குடும்பத்தை வளர்த்த பாட்டியின் முகத்தை முன்கையில் குத்திக்கொள்ள விரும்பினான். பாட்டியின் கையிலேயே பச்சை இருந்ததால் வீட்டில் ஒருவரும் தடை சொல்லவில்லை. இன்றும் பச்சை குத்துவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் செய்த வேலையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கடைவீட்டின் மாடியில் இருந்த அந்தக் கடை பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. ஊராட்சி மன்ற உரிமம் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. கடைக்காரர் கையுறை அணிந்து, புதிய ஊசிப் பொட்டலத்தைத் தம்பியின் கண்ணெதிரே பிரித்தார். முகத்தின் நிழல்களுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த தயார்நிலை சாம்பல் நிற மையைப் பயன்படுத்துவதாகச் சொல்லித்தான் 450 ரிங்கிட் கேட்டிருந்தார். ஆனால் வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது, சிறு கிண்ணங்களில் கறுப்பு மையை ஊற்றி, மேசையில் இருந்த குடிநீர்ப் புட்டியிலிருந்து தண்ணீர் விட்டுக் கலக்கினார். “என்ன அண்ணே, தண்ணி ஊத்துறீங்க?” என்று தம்பி கேட்டதற்கு, “எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க தம்பி, இது நல்ல மினரல் தண்ணி” என்று பதில் வந்தது.

முதல் சில நாள்களில் எல்லாப் பச்சைக்கும் வரும் சிவப்பும் எரிச்சலும் வந்து தணிந்தன. மூன்றாவது வார வாக்கில் பாட்டியின் கன்னம், கழுத்து, கூந்தலின் ஓரம் ஆகிய இடங்களில் சிவந்த சிறு கட்டிகள் எழும்பத் தொடங்கின. கறுப்பு மையை அப்படியே இறக்கிய கோடுகளில் ஒரு கட்டிகூட இல்லை; தண்ணீர் கலந்த மை போன இடங்களில் மட்டுமே அவை இருந்தன. பக்கத்துக் கிளினிக்கில் கொடுத்த கிருமிக்கொல்லி மாத்திரைகள் பலன் தரவில்லை. கடைக்காரரோ, கருவாடும் இறாலும் சாப்பிட்டிருப்பாய், பத்தியம் இருக்கவில்லை என்று பழியைத் தம்பியின் சாப்பாட்டுத் தட்டில் போட்டார்.

பிறகு ஈப்போவில் தோல் மருத்துவர் கட்டியிலிருந்து சிறு துண்டை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியபோதுதான் காரணம் தெரிந்தது. மைக்கோபாக்டீரியம் செலோனே என்ற அந்தக் கிருமி, காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு. மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழக்கூடியது, குளோரினுக்கும் எளிதில் சாகாது. நாம் அதைத் தண்ணீரோடு விழுங்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. பச்சை குத்தும் இயந்திரம், உதிர்ந்துகொண்டே இருக்கும் மேல்தோலைக் கடந்து, அடுத்த அடுக்குக்குள் மையை ஆயிரக்கணக்கான முறை குத்தி இறக்கும்போது, உடலின் முதல் காவலையே தாண்டி அந்தக் கிருமியும் உள்ளே போய்விடுகிறது. புண்ணுக்கு வழக்கமாகத் தரப்படும் மாத்திரைகள் இதற்கு வேலை செய்யாது. கிளாரித்ரோமைசின் போன்ற மருந்தை மாதக்கணக்கில் உட்கொள்ள வேண்டும். தம்பி இன்னும் அதைத்தான் உட்கொண்டு வருகிறான்.

2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் ஒரே கலைஞரிடம் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்கு இதே தொற்று ஏற்பட்டது. அங்கே கலைஞர் தண்ணீர் கலக்கவில்லை; தொழிற்சாலையிலேயே காய்ச்சி வடித்த நீர் சேர்த்துத் தயாரித்த சாம்பல் நிற மையின் திறக்கப்படாத புட்டியிலேயே கிருமி இருந்தது. காய்ச்சி வடித்த நீர் என்றால் கிருமி நீக்கிய நீர் என்று பலர் நினைக்கிறார்கள்; இரண்டும் வேறு. 2024இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 75 மைகளில் 26இல் பாக்டீரியா இருந்தது, கிருமி நீக்கியது என்று முத்திரை இட்டவையும் அவற்றில் அடங்கும். மூடிய புட்டியிலேயே இவ்வளவு ஆபத்து இருக்கும்போது, குடித்து மீந்த தண்ணீரை அதில் ஊற்றுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஈரல் அழற்சி ‘பி’, ‘சி’, எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கும் மருத்துவர் இரத்தம் எடுத்தார். தொற்று இரத்தத்தில் தெரியவரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் மறுபடியும் எடுக்கச் சொன்னார். 1989 முதல் நம் நாட்டில் பிள்ளைகளுக்கு ‘பி’ வகைத் தடுப்பூசி போடப்படுகிறது, ‘சி’ வகைக்குத் தடுப்பூசியே இல்லை. பாட்டியின் நெற்றிப் பொட்டுக்கு வைத்த சிவப்பு மையையும் கவனித்துவரச் சொன்னார், ஏனெனில் எல்லா நிறங்களிலும் சிவப்பே அதிகமாக ஒவ்வாமை தருவது, அது பல மாதங்கள் கழித்தும் வரக்கூடும். நம்மைப் போன்ற கருந்தோல் உடையவர்களுக்குத் தழும்பு தடித்து வளர்வதும் கூடுதல் என்றார்.

கடைக்காரர் ஒரு ரிங்கிட்கூடத் திருப்பித் தர மறுத்துவிட்டார். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி, வழக்கறிஞர் இல்லாமலே 50,000 ரிங்கிட் வரை கோரலாம். எனினும் உடலுக்கு ஏற்பட்ட காயத்துக்கான இழப்பீட்டை அங்கே கேட்க முடியாது. ஒன்றைச் சொல்லி வேறொன்றைக் கொடுத்ததற்காகக் கட்டணத்தை மட்டுமே கோரப் போகிறோம். பணத்தைவிட, அந்தக் குடிநீர்ப் புட்டி மேசையிலிருந்து போக வேண்டும் என்பதே என் எண்ணம்.

பச்சை குத்தப் போகிறவர்கள், நிழல் போட எதைக் கலப்பீர்கள் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். மருத்துவமனைகளில் ஊசி மருந்து கரைக்கப் பயன்படும், கிருமி நீக்கி முத்திரையிட்ட நீர்க் குப்பியை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். மைப் புட்டியின் பெயரையும் தொகுதி எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். தயங்குகிற கடையில் உட்கார வேண்டாம்.

ஏற்கெனவே இந்தப் பக்கத்து மாடிக் கடைகளில் முகமோ சாமி உருவமோ குத்திக்கொண்டு, சாம்பல் நிறப் பகுதியில் மட்டும் கட்டிகள் கண்டிருப்பவர்கள், மஞ்சளோ தேங்காய் எண்ணெயோ தடவிக் காத்திருக்காமல் அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குச் செல்லுங்கள். கட்டணம் 1 ரிங்கிட்தான். எப்போது பச்சை குத்தினீர்கள், மையில் தண்ணீர் கலந்தார்களா என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லி, தோல் துண்டில் மைக்கோபாக்டீரியச் சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். சாதாரணச் சோதனையில் அந்தக் கிருமி அகப்படாமல் போகலாம்.