ஓர் அகராதிச் செயலியும் ‘டெர்த்’ என்ற சொல்லும்

ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலி ஒன்றைச் சில மாதங்களாக மொழிபெயர்ப்புப் பணிக்குப் பயன்படுத்தி வருகிறேன். இணைய இணைப்பு இல்லாமலேயே இயங்குவதும், எழுத்துப்பிழையோடு தட்டினாலும் உரிய சொல்லைக் கண்டுபிடித்துவிடுவதும் அதன் நிறைகள். குறை எங்கே என்பதை ‘டெர்த்’ (dearth) என்ற ஒரே சொல் காட்டிக்கொடுத்துவிட்டது.

அச்சொல்லைத் தட்டினால் திரையில் வருவது ‘பற்றாக்குறை’ மட்டுமே. ‘ஷார்ட்டேஜ்’, ‘ஸ்கேர்சிட்டி’, ‘டெஃபிஷியன்சி’ ஆகியவற்றுக்கும் அதே விடைதான். உடலில் இரும்புச்சத்து குறைந்திருப்பதும் சந்தையில் சரக்கு கிடைக்காமல் போவதும் ஒன்றல்ல. முன்னதைக் குறைபாடு என்றும் பின்னதைத் தட்டுப்பாடு என்றும் நாம் அன்றாடம் பிரித்தே சொல்கிறோம்.

‘டெர்த்’ இவ்விரண்டிலும் சேராது. அருமையானது, விலை மிகுந்தது என்று பொருள்படும் ‘டியர்’ என்பதிலிருந்து பிறந்த அச்சொல், உணவு அரிதாகி விலை ஏறிய நிலையையே முதலில் குறித்தது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், யோசேப்பின் காலத்தில் நாடுகளை வாட்டிய பஞ்சத்துக்கு இச்சொல்லும் ஆளப்பட்டிருக்கிறது. பின்னர் பொருள் விரிந்து, வேண்டிய எதுவும் அரிதாக இருப்பதைச் சுட்டலாயிற்று. வேண்டாதவை குறைந்தால், கேலிக்காக அன்றி, யாரும் இதைச் சொல்வதில்லை. நம் ‘பஞ்சம்’ நடந்துவந்த வழியும் ஏறத்தாழ இதுவே. ‘நோ டெர்த் ஆஃப் அட்வைஸ்’ என்ற தொடருக்குச் செயலியை நம்பி ‘அறிவுரைகளுக்குப் பற்றாக்குறை இல்லை’ என்று எழுதிவிட்டு, மறுநாள் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ‘அறிவுரைக்குப் பஞ்சமில்லை’ என்று வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

உச்சரிப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ் எழுத்தில் ‘டியர்த்’ என்று காட்டும் அதே செயலி, ஒலிக்குறியைத் தொட்டால் ‘எர்த்’ என்பதோடு இயையும்படி சரியாகவே ஒலிக்கிறது. ஆகவே, காதை நம்பலாம், கண்ணை நம்ப வேண்டாம். ‘ஆஃப்’ என்ற இடைச்சொல் இதனோடு சேர்ந்து வரும் என்பதைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்கூட இல்லை.

சொல்லின் பொருள் ஏற்கெனவே தெரிந்து, எழுத்துக்கூட்டலை மட்டும் சரிபார்ப்பவர்களுக்கு இச்செயலி போதும். மாணவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். திருத்தம் அனுப்பும் பெட்டியில் ‘பஞ்சம்’ என்று எழுதி அனுப்பினேன். நன்றி தெரிவித்து உடனே பதில் வந்தது. திரையில் இன்றும் ‘பற்றாக்குறை’தான் இருக்கிறது.